சட்டத்தரணி இல்லாமல் கணவரைக் கனடாவுக்கு அழைக்கலாமா?

கேள்வி: நான் ஸ்காபரோவில் வசிக்கிறேன். வயது 31. 2009இல் அப்பாவின் ஸ்பொன்சரில் குடும்பத்தோடு வந்தேன். இப்போது கனேடியக் குடியுரிமை இருக்கிறது. முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் வேலை. வருட வருமானம் 38,000 டொலர் அளவில் வரும். சாதகம் பொருந்தி, இரு வீட்டாரும் பேசி, 2025 ஜனவரியில் சாவகச்சேரியைச் சேர்ந்த ஒருவரை ஊரில் திருமணம் செய்தேன். எழுத்து, அதாவது விவாகப் பதிவு, 20ஆம் திகதி நடந்தது; கோவில் கலியாணம் 26ஆம் திகதி. மூன்று வாரம் ஒன்றாக இருந்துவிட்டு, விடுமுறை முடிந்ததால் திரும்பி வந்துவிட்டேன். கணவர் 2016 முதல் 2018 வரை கட்டாரில் வேலை செய்தவர். 2019இல் யாழ்ப்பாணத்தில் ஒரு முகவர் மூலம் கனடாவுக்கு விசிட்டர் விசா கேட்டு மறுக்கப்பட்டது. அந்த விண்ணப்பத்தின் பிரதி எங்களிடம் இல்லை. 2009இல் அவர் வன்னியிலிருந்து மெனிக் பாம் முகாமுக்கு வந்தவர். அப்போது அவருக்கு வயது 17. இங்கே ஒரு சட்டத்தரணி 4,500 டொலர் கேட்கிறார். அந்தப் பணம் இருந்தால் நான் இன்னொரு முறை ஊருக்குப் போய் அவரோடு ஒரு மாதம் இருந்துவிட்டு வரலாம். நாங்களே விண்ணப்பிக்கலாமா? என் வருமானம் போதுமா? எந்த இடத்தில் பிழை விடுவோம் என்று பயமாக இருக்கிறது.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்களே விண்ணப்பிக்கலாம். சட்டத்தரணியோ உரிமம் பெற்ற ஆலோசகரோ இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அப்படி ஒருவரை வைத்துக்கொண்ட விண்ணப்பம் வேகமாக நகர்வதும் இல்லை, கூடுதல் அனுதாபத்தோடு படிக்கப்படுவதும் இல்லை. இதைச் சொல்கிற நான் இந்த வேலையைச் செய்தே பிழைக்கிறவன் என்பதால், இந்த வாக்கியம் என் தொழிலுக்கு நல்லதல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் உங்களுடையது போன்ற விண்ணப்பங்களில் சட்ட நுணுக்கம் குறைவு. ஒரே குடும்பக் கதை எட்டுப் பத்துத் தாள்களில் திகதி மாறாமல், பெயர் மாறாமல், ஒன்றுக்கொன்று முரணில்லாமல் வர வேண்டும். அந்தப் பொறுமைதான் இதில் முக்கால் பங்கு வேலை. அதை உங்களைவிட அக்கறையாக யாரும் செய்யப் போவதில்லை. அதே வேளையில், உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒவ்வொரு வரியில் கடந்து போன இரண்டு விடயங்கள், அதாவது 2019ஆம் ஆண்டு விசா மறுப்பும் 2009ஆம் ஆண்டு முகாமும், நீங்கள் பயப்படுகிற வருமானக் கணக்கைவிடப் பல மடங்கு கவனம் கேட்பவை. ஆகவே வருமானத்தை முதலில் முடித்துவிட்டு அவற்றுக்கு வருகிறேன்.

கணவனையோ மனைவியையோ அழைப்பதற்குக் கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில் குறைந்தபட்ச வருமானம் என்று ஒன்று கிடையாது. அம்மா அப்பாவை அழைக்கும்போது கேட்கப்படும் வருமான அட்டவணையைப் பார்த்துத்தான் பலரும் பயப்படுகிறார்கள். அது உங்களுக்குப் பொருந்தாது. அழைக்கப்படுபவருடைய பிள்ளைக்கே ஒரு பிள்ளை இருக்கும் அபூர்வமான நிலையில்தான் துணைக்கான விண்ணப்பத்திலும் வருமானம் அளக்கப்படும். நீங்கள் வெல்பெயார் எனப்படும் அரச உதவிப் பணம் எடுப்பவராக இருக்கக்கூடாது. உடல் இயலாமைக்காகப் பெறும் உதவிப் பணம் இதில் சேராது, வேலையிழப்புக் காப்புறுதியும் மகப்பேற்று விடுப்புப் பணமும் வெல்பெயார் ஆகா. வங்குரோத்தானவராக அறிவிக்கப்பட்டு அதிலிருந்து விடுபடாத நிலையிலும் இருக்கக்கூடாது. வரி மதிப்பீட்டு அறிவித்தலையும் வேலையிடத்துக் கடிதத்தையும் விண்ணப்பத்துக்கான சரிபார்ப்புப் பட்டியல் கேட்கும், கொடுத்துவிடுங்கள், அவ்வளவுதான்.

துணையாக ஸ்பொன்சர் செய்யப்பட்டு வந்தவர், நிரந்தர வதிவிடம் கிடைத்து ஐந்து ஆண்டுகள் முடியும்வரை இன்னொரு துணையை அழைக்க முடியாது என்ற தடையும் உங்களுக்கு இல்லை, ஏனென்றால் நீங்கள் மகளாக வந்தீர்கள். ஆனால் நீங்கள் கையெழுத்திடப் போகும் பொறுப்புறுதியை இருவரும் ஒரு முறை நிதானமாக வாசியுங்கள். அவர் நிரந்தர வதிவாளராகும் நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு அவருடைய அடிப்படைத் தேவைகளுக்கு நீங்கள் பொறுப்பு; இடையில் பிரிந்தாலும், விவாகரத்தே ஆனாலும், அவர் வெல்பெயார் எடுத்தால் அந்தப் பணத்தை உங்களிடம் திருப்பிக் கேட்பார்கள். புதுமணப் பெண்ணிடம் சொல்லத் தகுந்த செய்தியல்ல என்றாலும், கையெழுத்து உங்களுடையது.

இனி 2019க்கு வருவோம்.

அந்த விசிட்டர் விசா விண்ணப்பத்தை நிரப்பியவர் முகவர். உங்கள் கணவர் கடவுச்சீட்டையும் பணத்தையும் கொடுத்துவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்திருப்பார். முகவர் அதில் என்ன எழுதினார் என்பது அவருக்குத் தெரியாது. கனேடிய குடிவரவுத் திணைக்களத்துக்குத் தெரியும். வேலையில்லாமல் இருந்த இளைஞரைக் கடை முதலாளி ஆக்குவது, இல்லாத வங்கி இருப்பைக் காட்டுவது, போகாத கல்யாணத்துக்கு அழைப்பிதழ் வைப்பது, இன்னும் துணிந்தவர்கள் திருமணமாகாதவருக்கு ஊரில் மனைவி இருப்பதாக எழுதுவது என எல்லாவற்றையும் நான் பார்த்திருக்கிறேன். கடைசியாகச் சொன்னது எப்படிப்பட்ட கண்ணிவெடி என்பதை விளக்க வேண்டியதில்லை: ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஆள் 'இதுவே என் முதல் திருமணம்' என்று எழுதும்போது அதிகாரியின் திரையில் இரண்டு கதைகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

ஆகவே ஒரு படிவத்தையும் தொடுவதற்கு முன் அந்தப் பழைய கோப்பை வரவழையுங்கள். கனேடியக் குடிமகள் என்ற முறையில், கணவர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தோடு, தகவல் அணுகல் சட்டத்தின் கீழ் நீங்கள் இணையத்தில் கேட்கலாம். கட்டணம் ஐந்து டொலர். கேட்கும்போது அதிகாரியின் கணினிக் குறிப்புகளையும் விண்ணப்பப் படிவத்தின் பிரதியையும் சேர்த்தே கேளுங்கள். சட்டப்படி முப்பது நாள் என்றாலும் அதைத் தாண்டுவது வழக்கம். காத்திருப்பது கஷ்டம் என்று தெரியும். ஆனாலும், இதை வாசிக்காமல் அனுப்பப்பட்ட விண்ணப்பங்களைப் பின்னால் காப்பாற்றப் பட்ட பாடு எனக்குத் தெரிந்ததால், இந்த ஒரு விடயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன்.

கோப்பு வந்து, அதில் எழுதியதெல்லாம் உண்மையாக இருந்தால் கவலையில்லை. மறுக்கப்பட்டதை மறைக்காமல், 'கனடாவிலோ வேறு நாட்டிலோ உங்களுக்கு விசா மறுக்கப்பட்டதுண்டா' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று எழுதி, எந்த மாதம், எந்த விசா, என்ன காரணம் சொன்னார்கள் என்பதை இரண்டு வரியில் சொன்னால் போதும். விசிட்டர் விசா மறுக்கப்பட்டது ஒரு குற்றமே அல்ல. யாழ்ப்பாணத்து இளைஞர்களில் அது நடக்காதவர்களைத்தான் தேட வேண்டும். அதை மறைப்பதுதான் குற்றமாகிறது. பொய்யான தகவல் கொடுத்ததாகத் தீர்மானிக்கப்பட்டால் ஐந்து ஆண்டுகளுக்கு நாட்டுக்குள் வரத் தடை; அந்தக் காலத்தில் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கவும் முடியாது.

கோப்பில் பொய் இருந்தால், அந்தப் பொய்யோடு ஒத்துப்போகும்படி புதிய விண்ணப்பத்தை எழுதும் ஆசையை விட்டுவிடுங்கள். அந்த நிலையில் மட்டும் 4,500 டொலர் கேட்ட சட்டத்தரணியிடமோ வேறொருவரிடமோ போய், முழுக் கோப்பையும் ஒப்படைக்காமல், ஒரு மணி நேர ஆலோசனைக்கு மட்டும் பணம் கட்டி, விளக்கக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று கேளுங்கள். பலர் அப்படித் துண்டு துண்டாக வேலை எடுத்துச் செய்கிறார்கள், கேட்டால்தான் சொல்வார்கள்.

2009 பற்றியும் இதே நேர்மையோடு பேச வேண்டும். பின்னணி விபரப் படிவத்தில், அதாவது ஐ.எம்.எம். 5669இல், முகவரிகளும் வேலைகளும் கடந்த பத்து ஆண்டுகளுக்கே கேட்கப்படுகின்றன. ஆனால் அதே படிவத்தில் 'எப்போதாவது' என்று தொடங்கும் கேள்விகளுக்கு ஆண்டு வரம்பு இல்லை: எப்போதாவது தடுத்து வைக்கப்பட்டீர்களா, ஆயுதப் போராட்டத்தில் ஈடுபட்ட அமைப்போடு எப்போதாவது தொடர்பு இருந்ததா என்பவை அந்த வகை. விடுதலைப் புலிகள் அமைப்பைக் கனடா 2006 ஏப்ரலில் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. வன்னியில் வாழ்ந்த ஒருவரின் விண்ணப்பத்தைப் படிக்கும் அதிகாரிக்கு இந்தக் கேள்வி தானாகவே எழும்.

உங்கள் கணவர் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, பின்னர் சாவகச்சேரிக்குத் திரும்பியவர் மட்டும்தான் என்றால், அதை அப்படியே எழுதுங்கள். முள்வேலிக்குள் இருந்தது தடுப்பா இல்லையா என்று தலையை உடைப்பதைவிட, போரில் இடம்பெயர்ந்தவர்களுக்கான மெனிக் பாம் முகாமில் இந்த மாதம் முதல் இந்த மாதம் வரை குடும்பத்தோடு இருந்தேன், எந்தக் குற்றச்சாட்டும் இல்லை என்று விளக்கம் எழுதும் இடத்தில் சொல்லிவிடுவது நல்லது. மாறாக, கட்டாய ஆட்சேர்ப்பில் சில நாட்களாவது பிடித்துச் செல்லப்பட்டிருந்தாலோ, புனர்வாழ்வு முகாமுக்கு அனுப்பப்பட்டிருந்தாலோ, படையினரின் விசாரணை வாக்குமூலம் ஏதும் இருந்தாலோ, இந்தக் கோப்பை நீங்கள் தனியே செய்யக்கூடாது. பதினேழு வயது என்பதும் விருப்பமில்லாமல் இழுத்துச் செல்லப்பட்டார் என்பதும் எடுத்து வாதிடக்கூடிய விடயங்கள். ஆனால் அது வாதம், படிவம் நிரப்புவது அல்ல. அந்தப் பணத்தைத் தயங்காமல் செலவழியுங்கள். இதை அவரிடம் தொலைபேசியில் மேலோட்டமாகக் கேட்காதீர்கள். ஊருக்குப் போகப் போகிறீர்கள் என்றால், நேரில், ஆறுதலாக இருந்து கேளுங்கள். திருமணத்துக்கு முன் எந்த வீட்டாரும் பேசாத விடயம் இது.

இவை இரண்டும் தெளிவானால், மீதி உங்கள் கைக்குள் அடங்கும் வேலைதான். அதில் மிக முக்கியமானது உறவு விபரப் படிவமான ஐ.எம்.எம். 5532. குடிவரவு ஒழுங்குவிதியின் நான்காம் பிரிவு சொல்வது இது: திருமணம் உண்மையானதாக இருக்க வேண்டும், குடிவரவு நன்மையை முதன்மை நோக்கமாகக் கொண்டு செய்யப்பட்டதாகவும் இருக்கக்கூடாது. 2010இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இரண்டில் ஒன்றில் தவறினாலே விண்ணப்பம் தோற்கும். பேசிச் செய்த கல்யாணம் என்பதற்காக யாரும் உங்களைச் சந்தேகிப்பதில்லை. இப்படியான திருமணங்களை அதிகாரிகள் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். சந்தேகம் எப்போது வருமென்றால், பேசிச் செய்த கல்யாணத்தை வெள்ளைக்காரருக்குப் பிடிக்கும் என்று நினைத்துக் காதல் கதையாக மாற்றி எழுதும்போதும், எவருக்கும் பொருந்தும் பொதுவான சொற்களால் நிரப்பும்போதும்தான்.

என்னிடம் வரும் முதல் வரைவுகளில் பத்துக்கு எட்டு இப்படித்தான் இருக்கும்: 'இரு வீட்டாரும் பேசி எங்கள் திருமணத்தை நிச்சயித்தார்கள். முதல் பேச்சிலேயே ஒருவரை ஒருவர் மிகவும் பிடித்துப் போயிற்று. நாங்கள் ஒருவரை விட்டு ஒருவர் இருக்க முடியாத அளவுக்கு நேசிக்கிறோம்.' இதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் தகவலும் எதுவும் இல்லை. இதே விடயத்தை இப்படி எழுதிப் பாருங்கள்: 'என் சாதகக் குறிப்பை என் பெரியம்மா, கொடிகாமத்தில் உள்ள தன் பள்ளித் தோழி மூலம் 2023 ஓகஸ்டில் அவர் வீட்டுக்குக் கொடுத்தார். அதற்கு முன் வந்த இரண்டு சம்பந்தங்கள் சாதகம் பொருந்தாமல் போயின. முதல் தடவை பேசியபோது அவருடைய அம்மாவும் பக்கத்தில் இருந்தார். இருபது நிமிடம் பேசினோம். என் இரவு வேலையைப் பற்றிக் கேட்டார். எனக்கு இரவு வேலை முடிந்து வரும் நேரம் அங்கே மாலை என்பதால் அதன் பிறகு அந்த நேரத்தில்தான் பேசினோம். அவர் இங்கே வந்தால் என்ன வேலை செய்வார் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. அதைப் பேசி முடித்த பிறகே 2024 மேயில் நான் சம்மதம் சொன்னேன்.' விபரங்கள் உங்களுடையவையாக இருக்கட்டும். நான் காட்டுவது எழுதும் முறையை. கருத்து வேறுபாட்டை எழுதலாமா என்று கேட்பார்கள். தாராளமாக எழுதலாம். கதையில் வரும் தம்பதிக்குத்தான் சண்டை வராது.

படிவம் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருக்க வேண்டும். ஆனால் முதலில் தமிழிலேயே எழுதிக்கொண்டு, பிறகு உங்களுக்குத் தெரிந்த எளிய ஆங்கிலத்தில் மாற்றுங்கள். அழகான ஆங்கிலத்துக்கு எந்தப் புள்ளியும் இல்லை. நேர்காணலுக்கு அழைத்தால், தான் வாசித்தறியாத ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கதைக்கு உங்கள் கணவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவர் பங்கை அவர் நினைவிலிருந்து எழுதட்டும், உங்கள் பங்கை நீங்கள் எழுதுங்கள், பிறகு திகதிகளை ஒப்பிடுங்கள். யார் முதலில் அழைத்தார், தாலிக்கொடி எங்கே செய்தது, முதல் நாள் யார் வீட்டில் தங்கினீர்கள் என்பதில் இருவருக்கும் ஞாபகம் வேறுபட்டால், பேசித் தெளிந்து சரியானதை எழுதுங்கள்.

திருமணத் திகதியில் நம்மவர்கள் விடும் பிழை தனி வகை. நமக்குக் கலியாணம் என்றால் தாலி கட்டிய நாள்தான். வீட்டில் கல்யாண நாளைக் கொண்டாடுவதும் அன்றைக்குத்தான். ஆனால் விவாகச் சான்றிதழில் இருப்பது எழுத்து நடந்த திகதி, சட்டப்படி நீங்கள் கணவன் மனைவி ஆனதும் அன்றே. ஆகவே 'திருமணத் திகதி' கேட்கும் எல்லாப் படிவங்களிலும் 2025 ஜனவரி 20 என்றே வர வேண்டும். சடங்கு, விருந்து பற்றிய கேள்விகளில் 26ஐ எழுதி, இரண்டும் ஏன் வேறுபட்டன என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். நீங்கள் 20ஐயும் அவர் 26ஐயும் எழுதினால், உண்மையான தம்பதியே ஒருவருக்கொருவர் முரண்பட்ட தம்பதி ஆகிவிடுவீர்கள். நீங்கள் இருவரும் பதிவாளர் முன் நேரில் இருந்தீர்கள் என்பதும் முக்கியம்: ஒருவர் வராமல் பிரதிநிதி மூலமோ தொலைபேசி, இணையம் வழியாகவோ செய்த திருமணங்களைக் கனடா 2015 ஜூன் 11 முதல் குடிவரவுக்கு ஏற்பதில்லை. லீவு கிடைக்கவில்லை என்று அப்படிச் செய்ய நினைக்கும் உங்கள் தோழிகளுக்கும் சொல்லிவையுங்கள்.

படங்கள் இருபதுக்கு மேல் வேண்டாம் என்று சரிபார்ப்புப் பட்டியலே சொல்கிறது. இருநூறு படத்திலிருந்து இருபதைத் தெரிவுசெய்வது கஷ்டம். அழகானவற்றை எடுக்காமல், ஆட்கள் தெரிபவற்றை எடுங்கள். ஐயரின் முகம் தெளிவாகத் தெரிய மாப்பிள்ளை ஓமப் புகைக்குள் மறைந்து நிற்கும் படம் எதற்கும் உதவாது. இரு பக்கத்துப் பெற்றோரும் சேர்ந்து நிற்பது, எழுத்து நாளில் கையெழுத்திடுவது, கலியாணத்துக்குப் பிறகு இருவரும் சாதாரண உடையில் ஏதோ ஒரு வீட்டு முற்றத்தில் இருப்பது போன்றவை பயனுள்ளவை. ஒவ்வொன்றின் கீழும் திகதி, இடம், நிற்பவர்கள் யார் யார், உங்களுக்கு என்ன முறை என்பதை எழுதுங்கள். பொன்னுருக்கல், கூறை மாற்றுதல், நாலாம் சடங்கு என்றால் அதிகாரிக்கு விளங்காது. 'தாலிக்கான பொன்னை உருக்கும் சடங்கு, மணமகன் வீட்டில், என் பக்கத்து மாமாவும் பங்கெடுத்தார்' என்று அரை வரி சேர்த்தால், உங்கள் குடும்பங்கள் இரண்டும் இதில் எவ்வளவு இறங்கியிருக்கின்றன என்பது தானாகத் தெரியும்.

தொடர்புக்கான ஆதாரம் பத்துப் பக்கங்களுக்குள் அடங்க வேண்டும். பெரும்பாலானோர் கடைசி இரண்டு வார வட்ஸ்அப் உரையாடலை அப்படியே அள்ளி வைக்கிறார்கள். பேச்சுத் தொடங்கிய மாதம், சம்மதம் சொன்ன மாதம், நீங்கள் திரும்பி வந்த மறுநாள், பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று பரவலாக எடுங்கள். தமிழில் எழுதியதும், ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழும் மொழிபெயர்க்கப்பட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆதலால் நீளமான உரையாடல்களைவிடச் சிறியவை செலவைக் குறைக்கும். மொழிபெயர்ப்பை வீட்டார் யாரும் செய்யக்கூடாது, உங்கள் தம்பி சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகவே இருந்தாலும் கூடாது. 'சாப்பிட்டியா', 'வேலைக்குப் போய்ச் சேர்ந்தாச்சா' என்று ஒவ்வொரு நாளும் வரும் செய்திகளை வெட்கப்பட்டு நீக்காதீர்கள். இவற்றோடு உங்கள் விமானச் சீட்டு, கடவுச்சீட்டில் விழுந்த முத்திரைகள் ஆகியவற்றையும் வையுங்கள். இன்னொரு முறை போய் ஒரு மாதம் இருக்கலாம் என்று எழுதியிருந்தீர்களே, அந்த நினைப்பு சரியானது. கல்யாணம் முடிந்த பிறகு என்ன நடந்தது என்பதையே அதிகாரி தேடுவார். நீங்கள் குடியுரிமை உள்ளவர் என்பதால் அங்கே தங்குவதில் தடையில்லை. நிரந்தர வதிவிடம் மட்டும் உள்ளவர்கள் ஸ்பொன்சர் செய்யும் காலத்தில் கனடாவிலேயே வசிக்க வேண்டும்.

அவருடைய பின்னணிப் படிவத்தில் பத்து ஆண்டுகளில் ஒரு மாதமும் வெறுமையாக இருக்கக்கூடாது. கட்டாரிலிருந்து வந்து வேலை தேடிக்கொண்டிருந்த ஆறு மாதம் என்றால், 'வேலையில்லை, வீட்டில் இருந்தேன்' என்றே எழுதுங்கள். அதற்கு மானக்குறைவு பார்த்து அடுத்த வேலையின் திகதியை முன்னே இழுத்தால் கட்டார் விசா முத்திரையோடு முரண்படும். பதினெட்டு வயதுக்குப் பிறகு, கடந்த பத்து ஆண்டுகளில், தொடர்ந்து ஆறு மாதமோ கூடுதலாகவோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் பொலிஸ் சான்றிதழ் வேண்டும். ஆகவே கொழும்புப் பொலிஸ் தலைமையகம் தரும் சான்றிதழும் கட்டார் சான்றிதழும் இருவகையும் தேவை. இப்போது வாழும் நாட்டின் சான்றிதழ், விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய ஆறு மாதத்துக்குள் பெற்றதாக இருக்க வேண்டும். அதைக் கடைசியில் எடுங்கள், கட்டாரை முதலில் தொடங்குங்கள்.

பெயர் எழுத்துக்கள் நம் ஆட்களுக்கு நிரந்தரத் தலைவலி. பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம், கடவுச்சீட்டில் தந்தை பெயர் முன்னே வந்து வேறொரு விதம். படிவங்களில் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதி, வேறு எழுத்துக்கூட்டல்களை 'வேறு பெயர்கள்' கேட்கும் இடத்தில் சேர்த்து, பெரிய வித்தியாசம் என்றால் ஒரு சத்தியக் கடதாசியும் வையுங்கள்.

விண்ணப்பம் இணையவழியாகத்தான் போகும். 2024 ஏப்ரல் 30இல் திருத்தப்பட்டபோது ஸ்பொன்சர் கட்டணம் 85, பரிசீலனை 545, நிரந்தர வதிவிட உரிமைக் கட்டணம் 575 என மொத்தம் 1,205 டொலராக இருந்தது. கைரேகைக்கு மேலும் 85. நிரந்தர வதிவிடக் கட்டணங்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கூடுவதால், கட்டும் அன்று திணைக்களத்தின் தளத்தில் உள்ள தொகையையே கட்டுங்கள். குறைந்தால் முழு விண்ணப்பமும் திரும்பிவிடும். திரும்புவது பற்றி எனக்கு நேரடி அனுபவம் உண்டு: இந்தத் தொழிலின் முதல் ஆண்டில் ஒரு படிவத்தின் கையெழுத்துப் பக்கத்தை நான் பழைய பதிப்பிலிருந்து வைத்துவிட்டேன், பல வாரம் கழித்து எல்லாம் திரும்பி வந்தது, அந்தத் தம்பதியிடம் தொலைபேசியில் சொன்ன அந்த ஐந்து நிமிடத்தை இன்னும் மறக்கவில்லை. அனுப்புவதற்கு முந்திய நாள் எல்லாப் படிவங்களின் பதிப்புத் திகதியையும் தளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஸ்பொன்சராக நீங்கள் நிரப்பும் ஐ.எம்.எம். 1344 படிவத்தின் தொடக்கத்தில் ஒரு சிறிய கேள்வி இருக்கிறது: நீங்கள் ஸ்பொன்சர் செய்யத் தகுதியற்றவர் என்று காணப்பட்டால் விண்ணப்பத்தை மீளப் பெறுகிறீர்களா, தொடர்கிறீர்களா என்று. மீளப் பெற்றால் ஸ்பொன்சர் கட்டணம் போக மற்றப் பணம் திரும்பி வரும். ஆனால் மேன்முறையீட்டு வழி போய்விடும். உங்கள் தகுதியில் எனக்குச் சந்தேகம் தெரியவில்லை, ஆனாலும் 'தொடர்கிறேன்' என்பதையே தெரிவுசெய்யுங்கள். கணவர் ஊரில் இருக்க, குடும்ப வகுப்பில் போகும் உங்கள் விண்ணப்பம் மறுக்கப்பட்டால் முப்பது நாளுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அங்கே புதிய ஆதாரங்களையும் வைக்கலாம். கனடாவுக்குள் இருக்கும் துணைக்கான வகுப்பில் அந்த உரிமை இல்லை என்பதால், அவர் எப்படியாவது விசிட்டராக வந்த பிறகு இங்கிருந்து போடலாமே என்று யாராவது யோசனை சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

அனுப்பிய பிறகு கைரேகைக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் அறிவுறுத்தல் வரும். வரும்வரை மருத்துவத்துக்குப் போக வேண்டாம். துணைவர்களுக்கு, மருத்துவச் செலவு அதிகம் என்ற காரணத்தால் மறுப்பு வராது. நீரிழிவு, பழைய சத்திரசிகிச்சை என்று எதையும் மறைக்கத் தேவையில்லை. திணைக்களத்திடமிருந்து 'இந்த விடயத்தில் எங்களுக்குச் சந்தேகம் இருக்கிறது, பதில் சொல்ல வாய்ப்புத் தருகிறோம்' என்று ஒரு கடிதம் வந்தால் மட்டும், அன்றே சட்டத்தரணியைத் தேடுங்கள். அதற்குத் தரும் நாட்கள் குறைவு, அதில் எழுதும் பதில்தான் முடிவைத் தீர்மானிக்கும்.

ஆள் வைப்பதானாலும் யாரை என்பதில் கவனம் தேவை. பணம் வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்லச் சட்டத்தரணிகள், கியூபெக் நோட்டரிகள், ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் உரிமம் பெற்ற துணைச்சட்டவாளர்கள், குடிவரவு ஆலோசகர் கல்லூரி என்ற ஒழுங்குமுறை அமைப்பின் உரிமம் பெற்றவர்கள் ஆகியோருக்கு மட்டுமே அனுமதி. அவர்களின் பெயரை அந்தந்த அமைப்புகளின் தளத்தில் தேடிப் பார்க்கலாம். 'என் பெயரைப் படிவத்தில் போட வேண்டாம்' என்று சொல்லிவிட்டுப் பணம் கேட்பவர், மளிகைக் கடைக்கு மேலே அலுவலகம் வைத்திருந்தாலும் சாவகச்சேரியில் வைத்திருந்தாலும், 2019இல் உங்கள் கணவருக்கு வாய்த்த முகவரின் உறவினர்தான். பணம் வாங்காமல் உதவும் அண்ணனோ தோழியோ படிவத்தை நிரப்பித் தருவதில் தவறில்லை. உங்கள் சார்பில் திணைக்களத்தோடு பேசவும் அவரே போகிறார் என்றால், பிரதிநிதிப் படிவத்தில் அவர் பெயரைக் காட்டிவிட வேண்டும்.

இந்தக் கிழமையே செய்யக்கூடியவை இரண்டு: ஒப்புதல் படிவத்தைக் கணவருக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்கி ஐந்து டொலர் கட்டுவது, கட்டார் சான்றிதழுக்கான வேலையைத் தொடங்குவது. பழைய கோப்பு வந்து சேரும்போது, அதில் நீங்கள் எதிர்பாராத ஒரு வரி இருந்தால், எனக்கு மீண்டும் எழுதுங்கள். அந்த வரியை மட்டும் அப்படியே எடுத்தெழுதினால் போதும்.